இடைவேளையில் வராத விளம்பரம்

கொஞ்சம் நீளமான பதிவு. பரீட்சையில் உங்களைப் பக்கம் பக்கமாக எழுதச் சொன்னவன் நாலு வரியோடு நிறுத்திக்கொண்டால் நன்றாக இருக்காது.

போன வாரம் ஒரு விருது விழாவைப் பற்றி இரண்டே வரி எழுதியிருந்தேன். விருது யாருக்குப் போனது என்பது மறந்துவிட்டது, எந்தச் சோப்பு, எந்த நகைக்கடை என்பது மட்டும் மனப்பாடம் ஆகிவிட்டது என்று. அதற்கு விளம்பரத் துறையில் நல்ல பதவியில் இருக்கும் நம் மாணவர் ஒருவர், "சார், ரிமோட் உங்க கையிலதானே இருக்கு" என்று பதில் போட்டார். அந்தப் பதிலுக்கு என் பதிவைவிட அதிக லைக். என் தங்கை மகனும் போட்டிருக்கிறான். சந்தோஷம். ஆனால் அந்தப் பதில் தப்பு. ஏன் தப்பு என்று சொல்லத்தான் இவ்வளவும்.

ரிமோட் வாதம் எதற்குப் பொருந்தும்? இடைவேளை விளம்பரத்துக்குப் பொருந்தும். திரை மாறுகிறது, சத்தம் கூடுகிறது, ஒரு குழந்தை சட்டையில் சேற்றைப் பூசிக்கொண்டு ஓடி வருகிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்குக்கூட விளம்பரம் என்று தெரிந்துவிடும். உடனே நம் மனம் ஒரு கதவைச் சாத்திக்கொள்ளும். "இவன் விற்க வந்திருக்கிறான், இவன் சொல்வதைப் பாதிதான் நம்ப வேண்டும்" என்கிற கதவு. எழுந்து போய் தண்ணீர் குடிக்கிறோம், குக்கரை இறக்குகிறோம், சேனலை மாற்றுகிறோம். இடைவேளை என்பது பார்க்கிறவனுக்கு ஒரு வேலி.

விருது விழாவில் அந்த வேலியைப் பிடுங்கிவிடுகிறார்கள். தொகுப்பாளர் நகைச்சுவை சொல்லிக்கொண்டே ஒரு பாக்கெட்டை எடுத்துப் பிரித்து முன்வரிசை நடிகரிடம் நீட்டுகிறார். அவர் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு "சூப்பர்" என்கிறார். கேமரா அங்கேயே நிற்கிறது. இல்லையென்றால் "இந்த ஆண்டின் அழகான கூந்தல்" என்று ஒரு விருது. அதைக் கொடுக்க மேடையேறுகிறவர் ஒரு தலை எண்ணெய்க் கம்பெனியின் அதிகாரி. நடிப்புக்கும் இயக்கத்துக்கும் இசைக்கும் விருது உண்டு, புரிகிறது. கூந்தலுக்கு எந்த நடுவர் குழு உட்கார்ந்து மார்க் போட்டது? எண்ணெய் விற்க வேண்டியிருந்ததால் பிறந்த விருது அது. கம்பெனிக்காரர் கேடயத்தைக் கொடுத்துவிட்டு இறங்கவும் மாட்டார். மைக்கைப் பிடித்து, தன் எண்ணெயில் என்னென்ன மூலிகை இருக்கிறது என்று இரண்டு நிமிடம் சொல்லிவிட்டுத்தான் போவார். இதில் ரிமோட்டை எந்த இடத்தில் அழுத்துவது? அழுத்தினால் விழாவே போய்விடுமே! பிடித்த நடிகை கண்கலங்கிப் பேசும்போது அவர் தலைக்குப் பின்னால் ஒளிரும் கம்பெனிப் பெயரை மட்டும் அணைக்க ரிமோட்டில் பொத்தான் இருந்தால் சொல்லுங்கள், இன்றைக்கே வாங்குகிறேன்.

இந்த வித்தை நம் ஊரில் பிறந்ததில்லை. பலருக்கும் நினைவிருக்கும் ஒரு உதாரணம், 2014 மார்ச் 2-ஆம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த 86-ஆவது ஆஸ்கர் விழா. தொகுப்பாளர் எலன் டிஜெனரஸ் மேடையிலிருந்து இறங்கி முன்வரிசைக்கு வந்தார். மெரில் ஸ்ட்ரீப், ஜூலியா ராபர்ட்ஸ், பிராட் பிட், ஏஞ்சலினா ஜோலி, ஜெனிஃபர் லாரன்ஸ் எல்லோரும் நெருக்கிக்கொண்டு நிற்க, பிராட்லி கூப்பர் கையை நீட்டி ஒரு செல்ஃபி எடுத்தார். எலன் அதை ட்விட்டரில் போட, உலகமே பகிர்ந்தது. அதற்கு முன் அதிகம் பகிரப்பட்டது 2012-இல் ஒபாமா மீண்டும் வென்றபோது போட்ட பதிவு. அந்தச் சாதனை விழா முடிவதற்குள் உடைந்தது. ட்விட்டரே சிறிது நேரம் திணறியது. நம்மில் எத்தனை பேர் "அடடா, எவ்வளவு இயல்பாக இருக்கிறார்கள்" என்று ரசித்தோம்!

கூப்பர் கையில் இருந்தது சாம்சங்கின் கேலக்ஸி நோட் 3, வெள்ளை நிறத்தில். அந்த விழாவின் பெரிய விளம்பரதாரர்களில் சாம்சங் ஒன்று. விளம்பர நேரம் வாங்கும் பேச்சுவார்த்தையிலேயே போனை நிகழ்ச்சிக்குள் கொண்டுவருவதும் பேசப்பட்டது, ஒத்திகையின்போது சாம்சங் ஆட்கள் எலனுக்கு அந்தப் போனைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்தார்கள் என்று பின்னர் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. விளம்பரங்களுக்கு மொத்தமாகச் சுமார் 2 கோடி டாலர் செலவு என்பது அதே செய்தியில் வந்த மதிப்பீடு. அந்தக் குறிப்பிட்ட படம் திட்டமிடாமல் நடந்தது என்றார்கள். இருக்கட்டும். போன் தானாக அங்கே நடந்து வரவில்லை அல்லவா?

இதில் எனக்குப் பிடித்த துண்டு ஒன்று உண்டு. மேடைக்குப் பின்னால் போனதும் எலன் சொந்தமாகப் போட்ட பதிவுகளின் கீழே "ஐபோனிலிருந்து" என்று இருந்தது! மேடையில் ஒன்று, பைக்குள் ஒன்று.

சில வாரம் கழித்து, விளம்பரக் குழுமமான பப்ளிசிஸின் தலைவர் மோரிஸ் லெவி அந்த ஒரு படத்தின் மதிப்பு 80 கோடியிலிருந்து 100 கோடி டாலர் வரை இருக்கும் என்று பெருமையாகச் சொன்னார். சாம்சங்குக்கு வேலை செய்தது அவர் குழுமம்தான், எனவே அந்தக் கணக்கைச் சற்றுத் தள்ளுபடியோடு எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவர் பெருமைப்பட்ட காரணத்தைக் கவனியுங்கள். இடைவேளையில் காசு கொடுத்து ஓட்டிய விளம்பரங்களைப் பற்றி யாரும் பேசவில்லை. விளம்பரம் என்று தெரியாமல் நடந்த ஒன்றைத்தான் உலகம் பேசியது. தெரியாமல் இருப்பதுதான் அதன் விலை. பகிர்ந்தவர்கள் அத்தனை பேரும் கூலி வாங்காத விளம்பர ஏஜெண்டுகள். சாம்சங் 30 லட்சம் டாலர் நன்கொடை கொடுத்தது, குழந்தைகள் மருத்துவமனைக்கும் விலங்கு நலத்துக்கும். நல்ல காரியம், மறுக்கவில்லை. பகிர்ந்தவனுக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

"போன்தானே சார், விஷமா?" என்பீர்கள். சரி, போனை விடுங்கள். நம் நாட்டுக்கு வருவோம்.

ஃபிலிம்ஃபேர் விருது தெரியுமல்லவா, இந்திப் படங்களுக்குக் கொடுப்பது, கறுப்பு நிறப் பெண் சிலை. முதல் விழா 1954-இல் பம்பாயில் நடந்தது. மொத்தம் ஐந்தே விருதுகள். சிறந்த படம் 'தோ பிகா ஜமீன்', இயக்குநர் பிமல் ராய், நடிகர் திலீப் குமார், நடிகை மீனா குமாரி, இசை நௌஷாத். அப்போது அந்த விருதுக்குக் 'கிளேர் விருது' என்று பெயர். கிளேர் மெண்டோன்சா என்பவர் டைம்ஸ் ஆஃப் இந்தியாவின் திரைப்பட விமர்சகர். அவர் நினைவாக வைத்தார்கள். ஒரு விமர்சகரின் பெயரில் திரை விருது! எவ்வளவு கம்பீரமான தொடக்கம் பாருங்கள். நல்லதை நல்லது என்றும் கெட்டதைக் கெட்டது என்றும் சொல்வதையே தொழிலாகக் கொண்ட ஒரு பெண்ணின் பெயர்.

2000-களின் தொடக்கத்தில் அதே விருதின் பெயருக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது மாணிக்சந்த். ஆம், அதே குட்கா மாணிக்சந்த். 'மாணிக்சந்த் ஃபிலிம்ஃபேர் விருதுகள்' என்றே தொகுப்பாளர்கள் வாய் நிறையச் சொன்னார்கள், வீடு வீடாகக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தார்கள். 2003-இல் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. புகையிலைப் பொருளுக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ விளம்பரம் கூடாது என்றது. சரி, தொல்லை தீர்ந்தது என்று நினைத்தோம். 2021-இல் 66-ஆவது ஃபிலிம்ஃபேர் விழாவின் பெயரைப் பாருங்கள்: 'விமல் இலாய்ச்சி ஃபிலிம்ஃபேர்'. இலாய்ச்சி என்றால் ஏலக்காய். ஏலக்காய் விற்று நாடு தழுவிய திரை விருதுக்குத் தலைப்புப் பணம் கட்டும் அளவுக்கு ஏலக்காய் வியாபாரம் செழித்திருந்தால் நம் போடிநாயக்கனூர் இன்றைக்குத் துபாயாகியிருக்கும்! விமல் என்றால் வட இந்தியாவில் யாருக்கும் ஏலக்காய் நினைவுக்கு வராது, பான் மசாலாதான் வரும். அந்த நினைவுக்குத்தான் பணம். அடுத்த ஆண்டு, 2022 ஏப்ரலில், அதே விமல் இலாய்ச்சி விளம்பரத்தில் நடித்த அக்‌ஷய் குமார் ரசிகர்களின் கண்டனம் தாங்காமல் மன்னிப்புக் கேட்டு விலகினார், வாங்கிய பணத்தை நல்ல காரியத்துக்குக் கொடுப்பதாகவும் சொன்னார். ஒரு நடிகருக்கு வந்த கூச்சம் ஒரு விருதுக்கு வரவில்லை.

இதற்குச் சட்ட மொழியில் என்ன பெயரோ, நம் ஊர் மொழியில் பினாமி. நிலத்தைத் தன் பெயரில் வாங்க முடியாதவன் மச்சான் பெயரில் வாங்குவதில்லையா, அதுபோல. குட்கா வர முடியாத இடத்துக்கு ஏலக்காய் வருகிறது. சாராயம் வர முடியாத இடத்துக்குச் சோடாவும் மினரல் வாட்டரும் இசைத் தட்டும் வருகின்றன.

இங்கே ஒரு வேடிக்கை. 2012 அக்டோபர் 2 முதல், படத்தில் யாராவது புகை பிடித்தால் திரையின் அடியில் எச்சரிக்கை வாசகம் போட்டாக வேண்டும். கதாநாயகன் பீடியைப் பற்றவைத்த நொடியில் வாசகம் வந்து நிற்கும். கதைக்குத் தேவைப்பட்ட பீடி அது. அதற்கு யாரும் காசு கொடுக்கவில்லை. அதே கதாநாயகன் அதே நடிப்புக்காக பான் மசாலாப் பெயர் ஜொலிக்கும் மேடையில் விருது வாங்குகிறான், அங்கே எந்த வாசகமும் இல்லை. காசு வாங்காத புகைக்கு எச்சரிக்கை, காசு வாங்கிய பாக்குக்குக் கைதட்டல். இதை எந்த வகுப்பில் எப்படி விளக்குவேன்?

இன்னும் இருக்கிறது. 2022 ஜூன் 9-ஆம் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. பினாமி விளம்பரம் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. நான்கே நாளில், ஜூன் 13-ஆம் தேதி, தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ஊடகங்களுக்கு ஓர் அறிவுரை அனுப்பியது. ஆன்லைன் சூதாட்ட விளம்பரங்களைத் தவிருங்கள், நாட்டின் பெரும்பகுதியில் சூதாட்டம் சட்டவிரோதம் என்று. சுமார் பதினோரு வாரம் கழித்து, ஆகஸ்ட் 30-ஆம் தேதி மும்பையில் 67-ஆவது ஃபிலிம்ஃபேர் விழா. தலைப்பில் யார் தெரியுமா? 'வுல்ஃப்777நியூஸ்'. பெயரின் வாலில் 'நியூஸ்' இருப்பதால் ஏதோ செய்தித் தளம் என்று தோன்றும். அக்டோபர் 3-ஆம் தேதி அமைச்சகம் மறுபடியும் அறிவுரை அனுப்பியது. வெளிநாட்டுச் சூதாட்டத் தளங்கள் செய்தித் தளம் என்ற போர்வையில் விளம்பரம் செய்கின்றன, இரண்டின் சின்னங்களும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கின்றன என்று சொல்லிச் சில பெயர்களைக் குறிப்பிட்டது. அதில் ஒரு பெயர் வுல்ஃப் 777.

ஓநாய் என்று பெயரிலேயே எழுதிக்கொண்டு வந்த ஒன்றைச் சிவப்புக் கம்பளம் விரித்து வரவேற்றார்கள் என்பதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது.

"அது இந்தி விழா, நமக்கென்ன" என்று சொல்ல வேண்டாம். தொலைக்காட்சிக்கு ஏது எல்லைச்சாவடி? அதே 2022-ஐத் தமிழ்நாட்டில் நினைத்துப் பாருங்கள். ஆன்லைன் ரம்மியில் பணத்தைத் தொலைத்துத் தூக்கில் தொங்கியவர்களின் செய்தி வாராவாரம் வந்துகொண்டிருந்தது. நீதியரசர் சந்துரு தலைமையில் குழு போட்டார்கள், ஜூனில் அறிக்கை கொடுத்தது. அக்டோபரில் அவசரச் சட்டம். சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார், மறுபடி நிறைவேற்றி ஏப்ரலில்தான் ஒப்புதல் கிடைத்தது. இங்கே ஒரு மாநிலம் ஒரு வருஷம் மல்லுக்கட்டிக் கதவைச் சாத்துகிறது, அங்கே மூன்று மணி நேர விழா ஒன்று ஜன்னலைத் திறந்து வைக்கிறது. நடிகர்கள் சிரித்துக்கொண்டு நிற்கும் ஜன்னல், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. இந்தக் குழுவிலேயே ஒரு குடும்பம் அந்தச் சூதாட்டத்தில் வீட்டுப் பத்திரத்தை இழந்தது. விவரம் எழுத மாட்டேன், தெரிந்தவர்களுக்குத் தெரியும். அந்தப் பையன் ஆரம்பத்தில் சொன்ன வார்த்தை மட்டும் மறக்கவில்லை: "டிவியிலேயே வருது சார், தப்பா இருந்தா விடுவாங்களா?"

இந்த ஒரு வாக்கியம்தான் என் வழக்கு முழுவதும். டிவியில், அதுவும் விழா மேடையில், நமக்குப் பிடித்த முகங்களுக்கு நடுவில் ஒரு பெயர் இருக்கிறது என்றால் யாரோ சரிபார்த்துத்தான் விட்டிருப்பார்கள் என்று சாதாரண ஜனம் நம்புகிறது. அந்த நம்பிக்கையைத்தான் காசுக்கு விற்கிறார்கள். விருதின் மதிப்பு அந்த விழாவை நடத்துகிறவர்கள் மட்டும் சம்பாதித்ததா? பிமல் ராயும் மீனா குமாரியும் நௌஷாத்தும் அவர்களுக்குப் பின்னால் வந்த ஆயிரம் கலைஞர்களும் சேர்த்து வைத்தது. அதை எடுத்துப் பாக்கு பாக்கெட்டுக்கு முலாம் பூசுகிறார்கள்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. கேபிள் தொலைக்காட்சி விதிகள், 1994. அதில் 7-ஆவது விதி விளம்பரங்களைப் பற்றியது. விளம்பரம் எதுவானாலும் நிகழ்ச்சியிலிருந்து தெளிவாகப் பிரித்தறியும்படி இருக்க வேண்டும், நிகழ்ச்சிக்குக் குறுக்கே வரக் கூடாது, திரையின் கீழ்ப்பகுதியில் வரி ஓட்டுவதும் கூடாது என்கிறது. மறுபடி படியுங்கள். திரையின் கீழ்ப்பகுதியில்கூட! இன்று எந்த சேனலையாவது போட்டுப் பாருங்கள், கீழே ஒரு பட்டை, பக்கத்தில் ஒரு பட்டை, நடுவில் மீதமிருக்கும் சதுரத்தில் நிகழ்ச்சி. ஒரு மணி நேரத்தில் 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்பதும் அதே விதிதான். டிராய் அதைக் கண்டிப்பாக அமல்படுத்தப் போனபோது, 2013-இல், ஒளிபரப்பாளர்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

எனக்கு ஒரு கணக்குச் சந்தேகம். தொகுப்பாளர் பாக்கெட்டைப் பிரித்து நடிகருக்கு ஊட்டிய இரண்டு நிமிடம் அந்தப் பன்னிரண்டில் சேர்த்தியா? எண்ணெய்க்காரர் மூலிகை சொன்ன இரண்டு நிமிடம்? ஒவ்வொரு விருதுக்கும் முன்னால் "வழங்குவது", "இணைந்து வழங்குவது", "சக்தியூட்டுவது" என்று ஐந்தாறு கம்பெனிப் பெயரை மூச்சு விடாமல் அடுக்குகிறார்களே, அது? ஸ்டாப்வாட்ச் வைத்து எண்ணினால் விழாவில் விழா எவ்வளவு மிஞ்சும்?

புகையிலை, மது ஆகியவற்றின் பெயரைச் சுமக்கும் வேறு பொருளுக்கு விளம்பரம் செய்யலாம் என்று அதே விதியில் ஒரு சந்து இருக்கிறது, நிபந்தனைகளோடு. அந்த வேறு பொருளை மட்டும்தான் காட்ட வேண்டும், தடை செய்யப்பட்டதைச் சுற்றி வளைத்தும் சொல்லக் கூடாது. அந்த நிபந்தனைகளெல்லாம் முப்பது வினாடி விளம்பரப் படத்தை மனத்தில் வைத்து எழுதியவை. மூன்று மணி நேர மேடையின் நெற்றியில் பெயரை ஒட்டுகிறவனை அவை எட்டிப் பிடிப்பது கஷ்டம்.

இனி, எதிர்த்தரப்பு. "ஸ்பான்சர் இல்லாமல் விழா எப்படி நடக்கும் சார்? கலைஞர்களை கௌரவிக்க வேண்டாமா?" நியாயமான கேள்வி. நானும் முப்பது வருஷம் பள்ளி ஆண்டு விழாவுக்குக் கடை கடையாக ஏறி இறங்கியவன். நோட்டுப் புத்தகக் கடைக்காரர் கேடயம் கொடுப்பார், பாத்திரக்கடைக்காரர் எவர்சில்வர் டப்பா கொடுப்பார். அழைப்பிதழின் பின்பக்கம் "பரிசுகள் உபயம்" என்று போட்டு அவர்கள் பெயரை அச்சடிப்போம். ஆனால் தமிழில் முதல் மதிப்பெண் எடுத்த பெண்ணைக் கூப்பிடும்போது பாத்திரக்கடையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பரிசு தமிழுக்கு, உபயம் கடைக்காரருக்கு. இரண்டும் வேறு வேறு இடத்தில் இருந்தன.

நம் கோயில் டியூப்லைட்டைக் கிண்டல் செய்வோமே, "உபயம்: இன்னார்" என்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை எழுதி, வெளிச்சம் வர இடமில்லாமல் செய்துவிடுவார்கள் என்று. நானும் கிண்டல் செய்திருக்கிறேன். இப்போது தோன்றுகிறது, அந்த டியூப்லைட் எவ்வளவு யோக்கியம்! வெளிச்சம் குறைந்தாலும் யார் பணம் என்று நெற்றியில் எழுதியிருக்கிறது. அம்மனே அந்த டியூப்லைட்டைக் கையில் பிடித்துக்கொண்டு "நான் இந்தக் கம்பெனிதான் உபயோகிக்கிறேன்" என்று சொல்வதில்லை.

பிரிட்டனில் கிட்டத்தட்ட இந்த உபயத்தைத்தான் சட்டமாக்கியிருக்கிறார்கள். 2011 பிப்ரவரி 28 முதல் அங்கே காசு வாங்கிக்கொண்டு நிகழ்ச்சிக்குள் பொருளைக் காட்டலாம். ஆனால் நிகழ்ச்சி தொடங்கும்போதும் முடியும்போதும் ஒவ்வொரு இடைவேளைக்குப் பிறகும் திரையில் 'பி' என்ற எழுத்துச் சின்னம் வர வேண்டும், குறைந்தது மூன்று வினாடி. முதலில் வந்தது ஐடிவியின் காலை நிகழ்ச்சி ஒன்றில் ஒரு நெஸ்கஃபே காபி இயந்திரம். அங்கே தயாராகும் நிகழ்ச்சிகளில் புகையிலை, மது, சூதாட்டத்துக்கு இந்த வழி கிடையவே கிடையாது. செய்தியிலும் குழந்தைகள் நிகழ்ச்சியிலும் எந்தப் பொருளும் கூடாது. பொருளை அளவுக்கு மீறித் தூக்கிப் பிடிக்கவும் கூடாது. அமெரிக்காவில் 1934-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே யார் காசு கொடுத்தார் என்று அறிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. ஒரு தடவை சொன்னால் போதும் என்பதால், கடைசியில் பொடி எழுத்தாக ஓடவிட்டு முடித்துவிடுகிறார்கள். இரண்டையும் வைத்துப் பார்த்தால் பிரிட்டன்காரன் செய்தது மேல். ஒரு எழுத்து, மூன்று வினாடி. யாருடைய வியாபாரமும் இதனால் படுத்துவிடவில்லை. நம் திரையில் 'உ' என்று போடட்டும். பிள்ளையார் சுழி போட்ட மாதிரியும் ஆயிற்று!

"படித்த ஜனங்கள் சார், அவர்களுக்குத் தெரியும்" என்று இன்னொருவர் எழுதியிருந்தார். தெரிந்தவர்களுக்குச் சின்னம் போட்டால் என்ன நஷ்டம்? தெரியாதவர்களுக்கு லாபம். சின்னம் வேண்டாம் என்று அடம்பிடிக்கிறவர்கள், தெரியாதவர்களை நம்பித்தான் பிழைக்கிறார்கள் என்று அர்த்தம்.

விளம்பரத் துறையில் இருக்கும் என் மாணவருக்கு ஒரு வார்த்தை. தம்பி, உன் தொழிலை நான் குறை சொல்லவில்லை. நல்ல விளம்பரம் ஒரு கலை, நீ எழுதிய வாசகங்கள் சிலவற்றைப் பெருமையோடு மற்றவர்களிடம் காட்டியிருக்கிறேன். உன் சரக்கு நல்ல சரக்கென்றால் "இது விளம்பரம்" என்று எழுதிக்கொண்டே விற்க உனக்குத் திறமை இருக்கிறது. பாக்கு விற்க ஏலக்காயையும், சூதாட்டத்தை விற்கச் செய்தியையும் கூட்டிக்கொண்டு வருகிறவர்களோடு ஒரே மேசையில் நீ ஏன் உட்கார வேண்டும்?

கடைசியாக, நம் வீட்டு விஷயம். வருகிற பள்ளி ஆண்டு நிறைவில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலருக்கு முன்னாள் மாணவர்கள் விருது கொடுக்கப் போகிறீர்கள், உள்ளூர் கேபிள் சேனலில் நேரலை என்றீர்கள். என் பெயரும் இருக்கிறது, நெகிழ்ச்சியாக இருக்கிறது. நேற்று ஏற்பாட்டுக் குழுவிலிருந்து ஒருவர் போனில் நிகழ்ச்சி நிரல் படித்துக் காட்டினார். விருதுகளின் பெயருக்கு முன்னால் ஒரு நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. ஒவ்வொரு ஆசிரியரும் விருது வாங்கியதும் அந்த நிறுவனத்தின் பையைக் கேமராவுக்கு நேரே தூக்கிப் பிடித்து இரண்டு வார்த்தை நல்லதாகச் சொல்ல வேண்டுமாம். அந்த நிறுவனம் நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் சொல்கிறேன். நான் சொன்னால் என் மாணவர்களில் பத்துப் பேராவது "சாரே சொல்கிறார்" என்று பென்ஷன் பணத்தையும் பெண் கல்யாணத்துக்கு வைத்திருப்பதையும் அங்கே கொண்டுபோய்க் கட்டுவார்கள். முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதிச் சேர்த்த பேச்சு மதிப்பு அது. அதை ஒரு பைக்குக் கொடுக்க முடியாது.

ஆகவே குழுவினருக்கு: விருதின் பெயரிலிருந்து நிறுவனத்தை எடுத்துவிட்டு, அழைப்பிதழின் பின்பக்கம் "உபயம்" என்று எவ்வளவு பெரிய எழுத்தில் வேண்டுமானாலும் போடுங்கள். நேரலையில் திரையின் மூலையிலும் போடுங்கள். அதற்கு அவர்கள் சம்மதிக்காவிட்டால், பந்தல் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டு அனுப்புங்கள். என் பங்காகப் பத்தாயிரம் ரூபாய் இந்த மாதப் பென்ஷன் வந்ததும் தருகிறேன். மற்ற ஆசிரியர்களிடம் நானே பேசுகிறேன். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறவர்கள் உங்களால் முடிந்ததைக் கீழே எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரிந்தால் அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன் மாற்றிவிடலாம்.